இருங்க என்று சொன்ன வாய்

காலை நீட்டிக்கொண்டு கேளுங்கள், கண்ணுகளா. மடக்கி வைத்துக்கொண்டு கேட்கிற கதை இல்லை இது.

நல்லிருப்பு என்று ஒரு நாடு. தெற்கே கடல், வடக்கே கள்ளிக்காடு, நடுவே அரண்மனை. அரண்மனையைச் சுற்றி எங்கு பார்த்தாலும் கூடங்கள். கூடம் நிறைய பெஞ்சுகள். பெஞ்சு நிறைய மனிதர்கள்.

அந்த நாட்டை முன்னொரு காலத்தில் ஆண்ட ஓர் அரசர் மிகவும் மரியாதை தெரிந்தவராம். தம்மைப் பார்க்க வந்த எவரையும் நிற்க வைத்துப் பேச மாட்டார். "இருங்க" என்பார். நம் பேச்சில் அந்த ஒரு சொல்லுக்குத்தான் எத்தனை அர்த்தம்! உட்காருங்கள் என்றும் எடுத்துக்கொள்ளலாம், காத்திருங்கள் என்றும் எடுத்துக்கொள்ளலாம், போய்விடாதீர்கள் என்றும் எடுத்துக்கொள்ளலாம். நன்றாக வாழுங்கள் என்று வாழ்த்தாகவும் எடுத்துக்கொள்ளலாம். அவர் எந்த அர்த்தத்தில் சொன்னாரோ தெரியாது. பின்னால் வந்தவர்கள் எல்லா அர்த்தத்தையும் சேர்த்துச் சட்டமாக்கிவிட்டார்கள். அதிகாரத்தில் உள்ளவர் "இருங்க" என்றால் உட்கார்ந்துவிட வேண்டும். சொன்ன வாயே "போகலாம்" என்று சொல்லும்வரை எழுந்திருக்கக் கூடாது. வேறு வாய் சொன்னால் செல்லாது.

சொன்னவர் சாப்பிடப் போவார். அப்படியே சம்பந்தி ஊருக்குப் போவார். மனு கொடுக்க வந்தவர் பெஞ்சிலேயே இருப்பார். அவர் வீடு திரும்பும்போது, தொட்டிலில் விட்டுவிட்டுப் போன பிள்ளை ஓடிவந்து "யார் நீங்க?" என்று கேட்கும்.

அங்கே தேர்தலும் உண்டு. ஐந்தாண்டுக்கு ஒருமுறை மன்னர் மாடத்தில் தோன்றி, "நான் இருக்கட்டுமா?" என்று கேட்பார். ஒரு பெரியவர் அப்படிக் கேட்கும்போது என்ன சொல்வது? "இருங்க, இருங்க" என்பார்கள் மக்கள். மறுநாள் தண்டோரா போடுவார்கள், மன்னருக்கு அமோக வெற்றி என்று. அப்படி வந்தவர்தான் அப்போது ஆண்டுகொண்டிருந்த வீற்றிருந்த பூபதி. பெயருக்கேற்ற மன்னர். அரியணையில் அமர்ந்தால் அசைய மாட்டார்.

இந்த நாட்டில் ஆவுடையப்பன் என்று ஓர் உப்பு வியாபாரி இருந்தார். தள்ளுவண்டியில் உப்பு மூட்டையை ஏற்றிக்கொண்டு விடிந்ததும் கிளம்பினால், தெருத்தெருவாக நடந்து, பொழுது சாயத்தான் வீடு திரும்புவார். மனைவி இல்லை. ஒரே மகள், கோமதி. அரண்மனைப் படியெடுப்புக் கூடத்தில் அவளுக்கு வேலை. மன்னர் ஆணை போட்டால் அதை ஊர் ஊருக்கு அனுப்பப் பிரதி எழுத வேண்டுமல்லவா? அதற்குத்தான் அந்தக் கூடம். காலையில் கண்காணிப்பாளர் வாசலில் நின்று "இருங்க" என்பார். விளக்கு வைக்கிற நேரத்தில் வந்து "போகலாம்" என்பார். இடையில் எழ முடியாது. தண்ணீர் குடித்தால் எழ வேண்டிவரும் என்று அந்தப் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே விட்டிருந்தார்கள்.

கொஞ்ச நாளாகக் கோமதியின் இடது கால் வீங்கிக்கொண்டு வந்தது. முதலில் கொலுசு இறுகியது. பிறகு கொலுசைக் கழற்ற வேண்டிவந்தது. பிறகு கெண்டைக்கால் நாவற்பழம் போலக் கறுக்கத் தொடங்கியது. மாலையில் அவள் வந்ததும் ஆவுடையப்பன் செய்கிற முதல் காரியம், அந்தக் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு பெருவிரலால் அழுத்திப் பார்ப்பதுதான். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நிற்கும். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தக் குழியையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"அப்பா, மாவு பெசையுத மாதிரி அமுக்காதீங்க. வலிக்கி."

"குழி ரொம்ப மாட்டேங்குதே, தாயி."

"நீங்க இப்படி மொறச்சுப் பாத்துக்கிட்டே இருந்தா எப்படி ரொம்பும்? அது வெக்கப்படுதுல்லா."

அவள் சிரிப்பாள். அவருக்குச் சிரிப்பு வராது. காரணம் உண்டு. கூடத்தில் கோமதிக்குப் பக்கத்தில் உட்காருகிற செண்பகத்துக்கும் இதே போலத்தான் கால் வீங்கியது. ஒருநாள் மாலை "போகலாம்" என்றார் கண்காணிப்பாளர். செண்பகம் எழுந்தாள். ஏதோ சொல்ல வருகிறவள் போல மூச்சை இழுத்தாள். சொல்லாமலே விழுந்தாள். அவ்வளவுதான்.

தெருக்கோடி மருத்துவச்சி கோமதியின் காலைப் பார்த்துவிட்டு ஆவுடையப்பனை வெளியே கூப்பிட்டாள். "ரத்தம்னா ஓடணும், அண்ணாச்சி. ஓடலேன்னா பாலு திரியுத மாதிரி திரிஞ்சு போவும். திரிஞ்ச கட்டி கால்லயே கெடந்தா காலோட போச்சு. மேல ஏறிச்சுன்னா..." என்று சொல்லித் தன் நெஞ்சைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். "பிள்ளைய ஒரேயடியா உக்கார விடாதிய. அப்பப்ப நடக்கச் சொல்லுங்க."

அரண்மனைக் கூடத்தில் அப்பப்ப நடப்பதா? எழுந்தால் வேலை போகும். வேலை போனால், அந்த வீட்டு ஆட்களுக்கு நாட்டில் வேறு எந்த வேலையும் கிடையாது என்பது சட்டம். வண்டியும் போகும், உப்பும் போகும். ஆவுடையப்பன் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தார்.

நாடு முழுவதும் கால்கள் வீங்கிக்கொண்டிருந்தன. செண்பகத்தைப் போல இன்னும் சில பேர் விழுந்தார்கள். ஜனங்கள் முணுமுணுத்தார்கள். முணுமுணுப்பு அரண்மனைக்குள் கேட்டபோது சபை கூடியது.

நலத்துறை அமைச்சர் குணசீலர் எழுந்து நின்று வணங்கினார்.

"மன்னா, ஆய்வு நிறைவுற்றது. வீங்கிய கால் உள்ள இல்லங்கள் அனைத்தையும் சோதித்தோம். ஏறக்குறைய அனைத்திலும் மின்மினிப் பெட்டி காணப்பட்டது."

மின்மினிப் பெட்டி என்பது கைக்குள் அடங்குகிற ஒரு விளையாட்டுச் சாமான். மேலே கண்ணாடி. உள்ளே வளைந்து வளைந்து போகிற சின்னச் சின்ன வழிகள். அந்த வழிகளில் ஒரு மின்மினி. பெட்டியைச் சாய்த்துச் சாய்த்து மின்மினியை அதன் கூட்டில் கொண்டு சேர்க்க வேண்டும். சேர்த்தால் பெட்டி முழுக்க ஒளிரும். இளசுகளுக்கு அது உயிர். பெரியவர்களில் பலருக்கு அதை ஆடத் தெரியாது. ஆகவே அது கெட்டது என்பது அவர்களுக்குச் சுலபமாக விளங்கியது.

"வீங்காத கால் உள்ள இல்லங்களில் பெட்டி இருந்ததா?" என்று கேட்டார் மன்னர். எப்போதாவது அவருக்கும் இப்படி ஏதாவது தோன்றிவிடும்.

"அங்கு நோய் இல்லையே, மன்னா. நோயற்ற இடத்தில் நோயின் காரணத்தைத் தேடுவது கருவூலத்துக்கு வீண் செலவல்லவா?"

மன்னருக்கு அது நியாயமாகப் பட்டது.

அந்த ஆய்வுக்காக அதிகாரிகள் ஆவுடையப்பன் வீட்டுக்கும் வந்திருந்தார்கள். கோமதியின் காலைப் பார்த்தார்கள். மாடத்தில் இருந்த பெட்டியைப் பார்த்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையசைத்துக்கொண்டார்கள்.

"ஐயா, அத நானும்தான் தெனம் ஆடுதேன்," என்றார் ஆவுடையப்பன். "அவளவிட நாந்தான் கூட ஆடுவேன். என் காலப் பாருங்க, ஒண்ணுமில்ல."

அதிகாரி அவர் காலைப் பார்த்தார். உப்பில் காய்ந்த, ஒல்லியான, நடந்து நடந்து முறுக்கேறிய கால்.

"உமக்கு வீக்கம் இல்லை. எனவே இந்த ஆய்வில் உம்மைச் சேர்க்க இயலாது," என்றார் அதிகாரி.

தண்டோரா வந்தது. கால் வீக்கத்துக்குக் காரணம் மின்மினிப் பெட்டி என்று மன்னர் கண்டறிந்துவிட்டார். அதைக் கேட்ட ஆவுடையப்பனுக்கு என்ன தோன்றியிருக்கும் என்று நினைக்கிறீர்கள்? கோபமா? இல்லை, கண்ணுகளா. அவருக்கு நிம்மதியாக இருந்தது. கூடம்தான் காரணம் என்றால் அவரால் என்ன செய்ய முடியும்? அரண்மனையைத் தூக்கி எறிய முடியுமா? பெட்டி என்றால் எறியலாம். கைக்கு எட்டுகிற எதிரி கிடைத்துவிட்டான் என்று அந்தத் தகப்பன் மனசு ஆறுதல் பட்டது. சமாதானம் தேடுகிறவனுக்குச் சான்று எதற்கு?

வீட்டுக்கு வந்தவர் பெட்டியை எடுத்தார்.

"எங்க கொண்டு போறீங்க?" என்றாள் கோமதி.

"ராசா சொல்லிட்டாருட்டி. இதுதான் உன் காலத் தின்னுது."

"அப்பா, அத நான் ஆடுறது சோறு வேகுற நேரம். கூடத்துல உக்காருறது பகலு பூரா. எது தின்னுதுன்னு உங்களுக்குத் தெரியலையா?"

"ராசாவுக்குத் தெரியாததா உனக்குத் தெரியப்போவுது?"

"ராசாவுக்கு என் காலு வலிக்கா?"

ஆவுடையப்பன் பெட்டியை இறுகப் பிடித்துக்கொண்டார். வாசலுக்குப் போய்ப் பெட்டியின் கண்ணாடியைத் திறந்தார். மின்மினி கொஞ்ச நேரம் விளிம்பிலேயே உட்கார்ந்திருந்தது, போகலாமா என்று கேட்பது போல. பிறகு பறந்துபோயிற்று. காலிப் பெட்டியைப் பிடித்தபடி அவர் நின்றார். உள்ளே கோமதி சோற்றுப் பானையை இறக்கும் சத்தம் வழக்கத்தைவிடப் பலமாகக் கேட்டது.

முதல் ஆணை: பெட்டிகளை அரசிடம் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைக்கப் போனவர்களிடம் குமாஸ்தா "இருங்க" என்றார். பெட்டிகள் நிறைய, வாங்கி வைக்க அறை இல்லை. கட்டிடம் கட்டி முடியும்வரை பெட்டி கொண்டுவந்த இளைஞர்கள் எல்லாரும் மடியில் பெட்டியை வைத்துக்கொண்டு பெஞ்சில் இருந்தார்கள். உட்கார்ந்து உட்கார்ந்து மேலும் பல கால்கள் வீங்கின. "பெட்டியை மடியில் வைத்திருந்த அனைவருக்கும் வீக்கம் கூடியிருப்பது எமது ஆய்வை உறுதி செய்கிறது," என்றார் குணசீலர்.

இரண்டாவது ஆணை: பெட்டியின் தீமைகளை விளக்க, மாலைதோறும் உபதேச வகுப்பு. கூடத்து வேலை முடிந்த பெண்களை அப்படியே அடுத்த கூடத்துக்குக் கூட்டிப்போனார்கள். உபதேசியார் "இருங்க" என்று ஆரம்பித்து, ஓடியாடித் திரிந்த முன்னோர்களின் பெருமையை விரிவாக எடுத்துரைத்தார். கோமதி வீடு திரும்பும்போது காலின் கறுப்பு இன்னும் மேலே ஏறியிருந்தது.

"எங்க வந்து நிக்கி?" என்று கேட்டார் ஆவுடையப்பன்.

"முழங்காலத் தாண்டல."

"பொய் சொல்லாத."

"கொஞ்சம் தாண்டிட்டு."

மூன்றாவது ஆணைதான் கொடுமை. வீங்கிய கால் எவரிடம் இருக்கிறதோ அவர் ஒளித்து வைத்து ஆடுகிறார் என்று பொருள். கால்தான் குற்றம், கால்தான் சான்று. அன்றிலிருந்து ஜனங்கள் காலை மறைத்தார்கள். நீளப் பாவாடைக்கும் தழையத் தழைய வேட்டிக்கும் கிராக்கி வந்தது. மருத்துவச்சி வீட்டுப் பக்கம் யாரும் போகவில்லை. செண்பகத்தின் சாவையும் சபை மறுபடி ஆராய்ந்தது. அவள் உட்கார்ந்திருந்தவரை நன்றாகத்தான் இருந்தாள், எழுந்த பிறகே இறந்தாள் என்பது சாட்சிகள் மூலம் நிரூபணமாயிற்று. எனவே வீங்கிய கால் உடையோர் திடீரென எழுவது உயிருக்கு ஆபத்து என்று எச்சரிக்கை ஒட்டினார்கள்.

இந்த எச்சரிக்கைதான் ஆவுடையப்பனைப் பாடாய்ப் படுத்தியது. மருத்துவச்சி நடக்கச் சொன்னாள். அரண்மனை எழுந்தால் சாவு என்றது. செண்பகம் எழுந்துதானே விழுந்தாள்? இது கண்ணால் கண்டவர்கள் சொன்னது. கோமதி அடுப்படியிலிருந்து எழும்போதெல்லாம் அவர் ஓடிப்போய்க் கையைப் பிடித்தார். "மெல்ல, மெல்ல" என்றார். அவள் தும்மினால் அவருக்கு நெஞ்சு அடைத்தது.

கடைசியில் மன்னர் ஒரு பட்டிமன்றத்துக்கு ஏற்பாடு செய்தார். நாட்டு மக்களின் கருத்தையும் கேட்டுவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை. தலைப்பு: "கால் வீக்கத்துக்குப் பெரிதும் காரணம் மின்மினிப் பெட்டியா? அதை ஆடும் பிள்ளைகளா?" வீங்கிய கால் உள்ளவர்களை முன்வரிசையில் கொண்டுவந்து உட்கார வைக்க வேண்டும். அவர்களில் "பெட்டியால்தான் எனக்கு இந்த நிலை" என்று சபையறியச் சொல்பவரை அரண்மனை வைத்தியரே பார்ப்பார்.

"ஒரு வார்த்த சொல்லிரு, தாயி," என்றார் ஆவுடையப்பன். "ஒரே வார்த்த. வைத்தியரு பாத்தாருன்னா போதும். உன் காலு தப்பிரும்."

"நான் சொன்னா, செண்பகம் செத்ததும் பெட்டியாலன்னு ஆயிருமே."

"செத்தவளுக்கு என்னட்டி ஆவப்போவுது?"

"பக்கத்துல இன்னும் ரெண்டு பிள்ளைக உக்காந்திருக்காளுவ, அப்பா. அவளுவளுக்கும் வீங்குது."

அவர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். அதைப் பார்க்கப் பொறுக்காமல், "சரி, வாரேன். வந்து பாக்கேன்," என்றாள் அவள்.

பட்டிமன்றத் திடலில் நாடே கூடியிருந்தது. மேடையின் நடுவே, பட்டு விரித்த அரியணையில் வீற்றிருந்த பூபதி. காலடி வரை தொங்கும் சரிகை அங்கி. வரவேற்புரை, வாழ்த்துரை எல்லாம் முடிந்து மன்னர் வாய் திறந்தார். "எல்லாரும் இருங்க," என்றார். சொன்னது மன்னரின் வாய். அதிகாரிகளையும் மேடைச் சேவகர்களையும் தவிர நாடே உட்கார்ந்தது.

ஓர் அணி பெட்டியே காரணம் என்றது. மற்றோர் அணி ஆவேசமாக மறுத்து, பெட்டி பாவம், பிள்ளைகளின் ஒழுக்கக்கேடே காரணம் என்றது. இரு அணிக்கும் கைதட்டல் விழுந்தது. வெயில் ஏறியது. ஆவுடையப்பன் மகளின் காலில் ஒரு கண்ணும் மேடையில் ஒரு கண்ணுமாக இருந்தார். கோமதி உட்கார்ந்தபடியே கையைத் தூக்கினாள்.

"கூடத்துல நாங்க நாள் பூரா உக்காந்திருக்கோம். அதுக்கு ஒரு அணி கிடையாதா?"

நடுவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"நல்ல கேள்வி, தாயே. ஆனால் அது தலைப்பில் இல்லை. இருங்க."

"இருந்துக்கிட்டுதான் கேக்கேன்."

பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டு, சிரித்தது தான் இல்லை என்று காட்டிக்கொள்ள இருமினார்கள். ஆவுடையப்பன் அவள் கையைப் பிடித்து இறக்கினார். கை ஈரமாக இருந்தது. வெயிலிலும் சில்லென்று இருந்தது.

பேச்சாளர்கள் பேசிக்கொண்டே போனார்கள். மத்தியானம் தாண்டியது. "அப்பா," என்றாள் கோமதி. "மூச்சு வாங்குது."

"ரொம்பவா?"

"படி ஏறுன மாதிரி. உக்காந்துதான இருக்கேன், ஏன் இப்படி வாங்குது?"

அவர் மகளைத் தோளில் சாய்த்துக்கொண்டார். நடுவர் தீர்ப்பை எழுதி மன்னரிடம் நீட்டுவதைப் பார்த்தார். இப்போது மன்னர் படிப்பார், பிறகு "போகலாம்" என்பார், பிறகு வைத்தியர் காலில் விழுந்துவிடலாம் என்று கணக்குப் போட்டார். மன்னர் கையை நீட்டவில்லை. நடுவர் இன்னும் கொஞ்சம் குனிந்தார். மன்னர் சபையையே பார்த்துக்கொண்டிருந்தார். குணசீலர் அருகில் போய், "மன்னா?" என்றார். இரண்டாம் முறை "மன்னா?" என்றார். அரண்மனை வைத்தியரை அழைத்தார்கள். அவர் மன்னரின் கையைப் பிடித்துப் பார்த்தார். மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தார்.

"மன்னர் இருக்கிறாரா?" என்று கேட்டார் குணசீலர்.

வைத்தியர் நேர்மையான மனிதர். "இருக்கிறார்," என்றார். பிறகு, "ஆனால் இல்லை," என்றார்.

மேடையில் சலசலப்பு. மன்னர் மடியில் பெட்டி ஏதும் ஒளித்து வைத்திருந்தாரா என்று பார்க்க இரண்டு சேவகர்கள் சரிகை அங்கியை விலக்கினார்கள். பெட்டி இல்லை. முன்வரிசையிலிருந்த ஆவுடையப்பன் கண்ணுக்கு மன்னரின் கால்தான் தெரிந்தது. கொலுசு போடுகிற இடத்தில் தங்கக் காப்பு சதைக்குள் புதைந்திருந்தது. அதற்கு மேலே நாவற்பழக் கறுப்பு. சேவகனின் கை பட்ட இடத்தில் ஒரு குழி. அது நிரம்பவே இல்லை.

மாலை தோறும் மடியில் வைத்துப் பார்த்த கால் அது. அரியணையில் இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். இவர் எழவில்லை. எழாமலே செத்திருக்கிறார்.

குணசீலர் மேடையின் முன்னே வந்தார். குரல் தழுதழுத்தாலும் சொற்கள் தெளிவாக இருந்தன.

"மக்களே! நம் மன்னர் தம் வாழ்நாளில் மின்மினிப் பெட்டியைத் தொட்டதே இல்லை. இது நாடறிந்த உண்மை. ஆயினும் பெட்டியால் வரும் நோய் அவரைக் கொண்டுசென்றது. இதிலிருந்து தெரிவது என்ன? தொடாதவரையும் கொல்லும் அளவுக்கு அந்தப் பெட்டி கொடியது!"

திடல் விம்மியது. உண்மையாகவே அழுதார்கள். அழுகை அடங்கியபோதுதான் ஒருவருக்கு உறைத்தது. "அப்ப நாம எப்படி எந்திரிக்கிறது?" என்று கேட்டார். அது திடல் முழுக்கப் பரவியது. இருங்க என்று சொன்ன வாய் போய்விட்டது. போகலாம் என்று இனி யார் சொல்வது?

சட்ட வல்லுநர்கள் மேடையிலேயே கூடினார்கள். ஆவுடையப்பன் பக்கத்தில் நின்ற காவலர் தலைவனைக் கெஞ்சினார்.

"ஐயா, எம்பிள்ளைக்கு மூச்சு முட்டுது. எந்திரிக்க விடுங்கய்யா."

"சொன்ன வாய் சொல்ல வேண்டும்."

"சொன்ன வாய் செத்துப்போச்சே, சாமி!"

"அதனால்தான் பொறுமையாக இருக்கச் சொல்கிறோம். ஆலோசனை நடக்கிறதல்லவா?"

கோமதி அவர் தோளில் சாய்ந்திருந்தாள். உதடு வெளுத்திருந்தது. எழுந்தால் செண்பகம் மாதிரி ஆகிவிடுமோ? எழாவிட்டால் அதோ, மேடையில் இருக்கிறாரே, அவர் மாதிரி. மகளின் மூச்சை எண்ணாமல் எண்ணிக்கொண்டு, எது தேவலை என்று அந்த மனிதர் யோசித்தார். ஒரு தகப்பனுக்கு இப்படி ஒரு யோசனை வரக் கூடாது.

"கோமதி. மொதல்ல பாதத்த ஆட்டு. ஆட்டுதியா?"

"ஆட்டுதேன்."

"நான் எந்திரிக்கேன். என் தோளப் பிடிச்சுக்கோ. மெல்ல. எவ்வளவு நேரமானாலும் பரவாயில்ல, மெல்ல."

ஆவுடையப்பன் எழுந்தார். அந்தத் திடலில், அதிகாரிகளைத் தவிர, நின்ற ஒரே மனிதர் அவர்தான். நிற்பது இப்படி எல்லார் கண்ணிலும் படுகிற காரியம் என்று அவருக்கு அதுவரை தெரியாது. குனிந்து, மகளின் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினார். அவள் எழுந்தாள். மூச்சை இழுத்தாள். செண்பகம் இழுத்த மாதிரியே இழுத்தாள். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"அப்பா, கைய இப்படி நெரிக்காதீங்க," என்றது குரல்.

அவர் கண்ணைத் திறந்தார். நடந்தார்கள். கால் வைக்க இடம் தேடித் தேடி, உட்கார்ந்திருந்த நாட்டு மக்களுக்கு நடுவே நடந்தார்கள். "ஏ, இருங்கய்யா," என்றார் ஒருவர், பதறி. "பிள்ளைய சாவடிச்சிராதேயும்," என்றாள் ஒருத்தி. "சட்டம் தெரியாத சனம்," என்றார் இன்னொருவர். ஆனாலும் அவர்கள் எல்லாருமே வழிவிடக் காலை ஒதுக்கிக்கொண்டார்கள். ஒதுக்கும்போது சில பேர் முகம் சுளித்தது, வலியில். காவலர் தலைவன் ஆட்களைக் கூப்பிட்டான். ஆட்கள் வரவில்லை. அவர்களும் மன்னர் சொன்னபோது உட்கார்ந்தவர்கள்.

திடலின் விளிம்புக்கு வந்தபோது மேடையில் முரசு முழங்கியது. சட்டச் சிக்கலுக்குத் தீர்வு கண்டுவிட்டார்கள். இளவரசருக்கு அப்போதே, அங்கேயே முடிசூட்டி, தந்தையைச் சற்று நகர்த்தி, அரியணையில் அமர்த்தியிருந்தார்கள். புதிய வாய். புதிய மன்னர் என்ன சொல்லப்போகிறார் என்று நாடே கழுத்தை நீட்டியது. அவர் மக்களைப் பார்த்தார். அந்தத் துக்கத்திலும் புன்னகைத்தார்.

"இருங்க," என்றார்.

திடல் முழுவதும் ஒரு பெருமூச்சு விட்டது. என்ன செய்ய வேண்டும் என்று யாரோ சொல்லிவிட்ட நிம்மதி. எழலாமா என்று குந்திக்கொண்டிருந்த சில பேர்கூட மறுபடி நன்றாகச் சம்மணம் போட்டுக்கொண்டார்கள்.

ஆவுடையப்பனின் முழங்கால்கள் தாமாகவே மடங்கின. அவர் மடக்கவில்லை. பிறந்ததிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்டு வளர்ந்த கால்கள் அவை. பாதி உட்கார்ந்தே விட்டார். மண்ணில் கை ஊன்றியும் விட்டார்.

கோமதிக்கு இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டுதான் இருந்தது. அவள் குனிந்து தன் தகப்பனின் முழங்கையைப் பிடித்தாள்.

"நடங்கப்பா," என்றாள்.